பதினான்கு கண் பாலம்

சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு, ஹாரப்டேல் குட்டி ரயில் கழகத்தின் ஆண்கள் மூன்று பேரும் தாங்கள் கட்டிய ரயில்வேக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார்கள். கழகத்தின் நான்காவது உறுப்பினர் க்வெண்டா டாட்டர்சால். அவள் தேநீர்த் தட்டோடு கதவை முழங்கையால் தள்ளித் திறந்தபோது, மூவரும் சுவரோரம் வரிசையாக நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பார்த்தீங்களா க்வெண்டா!" செயலாளர் நெவில் கிராப்ட்ரீ அளவு நாடாவைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். "அறை அகலம் இருபத்துநாலு அடி, ஒண்ணேகால் அங்குலம். நம்ம ரயில்வே இருபத்துநாலு அடி. ரெண்டு கோடியிலும் விரல் நுழையாது. கச்சிதம்!"

நெவில் நாற்பது வருடம் நிலம் அளந்து சம்பளம் வாங்கியவர். கழகம் இருந்த பழைய இடத்தை விற்றுவிட்டார்கள் என்று தெரிந்ததும் இந்த அறைக்கு மூன்று தடவை தனியாக வந்து அளந்தார். கட்டம் போட்ட தாளில் கூரான பென்சிலால் வரைந்தார். ஜன்னல் சட்டம் எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்பதுவரை அதில் இருந்தது.

"ரொம்ப அழகு," என்றாள் க்வெண்டா. "டீ ஆறுது. வாங்க."

யாரும் வரவில்லை. கறிக்கடை பெர்னார்ட்தான் முதலில் நகர்ந்தார். இடது கோடிக்குப் போனார். அங்கே பலகை சுவரை முட்டிக்கொண்டிருந்தது. திரும்பி, வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு மற்ற இருவரையும் உரசிக் கடந்து வலது கோடிக்குப் போனார். அங்கேயும் சுவர்.

"யோவ் நெவில்," என்றார். "வெளிய போற வழி எங்கய்யா?"

நெவில் நாடாவைப் பார்த்தார். தாளைப் பார்த்தார்.

ரயில்வே என்பது இடுப்புயர மேசை, அதன் மேல் 1962ஆம் வருடத்து ஹாரப்டேல். ஆறு பலகைகளை ஒன்றோடொன்று முடுக்கிச் சேர்த்தது. பார்க்க வருகிறவர்கள் முன்பக்கம் நிற்பார்கள், ஓட்டுகிறவர்கள் பின்பக்கம். பழைய இடத்தில் மேசையின் இரு கோடியிலும் இடம் கிடந்ததால் போகவும் வரவும் யாரும் யோசித்ததில்லை. நெவிலின் வரைபடத்தில் தண்டவாளம் இருந்தது, மேசைக் கால்கள் இருந்தன, மின்சாரப் பெட்டி இருந்தது. மனிதன் மட்டும் இல்லை. மற்றவர்கள் அந்தத் தாளை ஆளுக்கு இரண்டு தடவை பார்த்துச் சரி சொன்னவர்கள். அதில் க்வெண்டாவும் ஒருத்தி.

மேசைக்கு அடியில் தவழ்ந்துதான் வரவேண்டும் என்று ஆயிற்று. நெவில் முதலில் வந்தார், கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டே. அடுத்து வயரிங் பார்க்கும் சிரில். அவருக்குக் காது மந்தம், பேச்சும் குறைவு. தன் வயர்களை ஒவ்வொன்றாக விலக்கி, பாம்பு மாதிரி வந்துவிட்டார். பெர்னார்ட் பாதியில் நின்றார். தலையும் தோளும் இந்தப் பக்கம். மீதி அந்தப் பக்கம்.

அந்த நேரம் பார்த்து எட்னா லம் உள்ளே வந்தாள். கட்டடம் ஹாரப்டேல் உருட்டுப்பந்து மன்றத்துக்குச் சொந்தம். எட்னா அதன் தலைவி. வயது எழுபத்தெட்டு. புல்வெளியில் பந்து உருட்டுவதில் அந்தப் பள்ளத்தாக்கில் அவளை ஜெயித்த ஆண்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

"என்னடா இது?" என்றாள். "மாடு கன்னு போடுதா?"

"சிரிக்காதீங்க மிசஸ் லம், கையைக் குடுங்க!"

கையை இழுத்தது க்வெண்டாதான். இரண்டு சட்டைப் பொத்தான்கள் போயின. எட்னா உதவவில்லை. மேசையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தாள்.

"அடுத்த மாசம் ஜனங்களைக் கூட்டி வந்து காட்டப் போறீங்கல்ல? தீ கீ புடிச்சா இவன் எப்படிடா ஓடுவான்? பின்னால நிக்கிறவன் நடந்து வெளிய வரணும். ரெண்டு அடி வழி விடுங்க. இல்லைன்னா கதவைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்ல போட்டுக்குவேன்."

போய்விட்டாள். நால்வரும் ஆறிப்போன டீயைக் குடித்தார்கள். இரண்டு அடி. யாருடைய இரண்டு அடி என்று யாரும் கேட்கவில்லை. மூன்று ஆண்களும் பிஸ்கட்டைப் பார்த்த விதத்திலேயே க்வெண்டாவுக்குப் புரிந்துவிட்டது.

இடது கோடி பெர்னார்டின் பஞ்சாலை, ஐந்து அடி. அதை அடுத்து நெவிலின் ஸ்டேஷன், ஏழு அடி. அதற்கப்புறம் க்வெண்டாவின் பாலம், அதுவும் ஏழு அடி. வலது கோடியில் மீதி ஐந்து அடிக்குத் தட்டு. தட்டு என்பது தடுப்புக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் இருக்கும் நகரும் பலகை. ஆறு தடங்கள். முன்னும் பின்னும் இழுத்தால் வேண்டிய தடம் பாலத்துப் பாதையோடு ஒட்டும். லண்டன், லீட்ஸ், கடற்கரை, ஹாரப்டேலுக்கு வெளியே உள்ள உலகம் மொத்தமும் அந்தத் தட்டுதான். வண்டிகள் அங்கிருந்து வரும், பாலம் ஏறும், ஸ்டேஷனில் நிற்கும், தட்டுக்கே திரும்பிப் போகும்.

"தட்டுல கை வைக்க முடியாது," என்று நெவில் ஆரம்பித்தார். "சனிக்கிழமை கடற்கரை வண்டிக்கு அஞ்சு பெட்டி. ரெண்டு அடி போச்சுன்னா ரெண்டு பெட்டிதான் நிக்கும்."

"ஸ்டேஷன்?" என்றாள் க்வெண்டா.

"அதே கதைதான். எஞ்சின் பிளாட்பாரத்துக்கு வெளிய நிக்கும். அறுபத்திரண்டு ஜூலை இருபத்தொண்ணாம் தேதி எடுத்த போட்டோ இருக்கு. எஞ்சின் தண்ணிக் குழாய் பக்கத்துல நிக்குது."

"பஞ்சாலை?"

"ஏற்கெனவே பாதியா இருக்கும்மா," என்றார் பெர்னார்ட். "நிஜத்துல வரிசைக்குப் பதினொரு ஜன்னல். நான் ஆறு வச்சிருக்கேன். இன்னும் வெட்டினா அது பஞ்சாலை இல்ல, கக்கூஸ்."

சிரில் பிஸ்கட்டை டீயில் தோய்த்தார்.

"நாலு கண்," என்றார் நெவில், மெதுவாக. "நடுவுல நாலு கண்ணை எடுத்துட்டா சரியா ரெண்டு அடி. எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு. பத்துக் கண்ணும் பாலம்தான். பார்க்கிறவங்க யாரும் எண்ண மாட்டாங்க."

க்வெண்டா கோப்பையைக் கீழே வைத்தாள்.

அவள் இருபத்தொன்பது வருடமாகப் பஸ் ஓட்டுகிறவள். முப்பத்தேழாம் நம்பர். ஹாரப்டேல் சந்தையிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து சந்தை. யாரோ போட்ட நேரம், யாரோ போட்ட பாதை. சாயங்காலம் வண்டியை ஷெட்டில் விட்டால் அன்றைக்குச் செய்த வேலைக்கு அடையாளமாகச் சீட்டில் கிடக்கும் சிப்ஸ் தாள்தான் மிஞ்சும். அந்தப் பாலத்துக்கு அவள் ஆறு வருடம் கொடுத்தாள். யாரும் கேட்கவில்லை, யாரும் அவசரப்படுத்தவில்லை. நிஜப் பாலத்துக்கு அடியில் ரப்பர் பூட்ஸ் போட்டுச் சேற்றில் நின்று கண் கண்ணாக அளந்தாள். மூன்றாவது கண்ணில் நீலச் செங்கல் வைத்து ஒட்டுப் போட்டிருந்தது. ஏழாவது கண் மற்றதைவிட ஒன்பது அங்குலம் குறுகல். கொத்தன் தப்பு. அதையும் அப்படியே செய்தாள். பிளாஸ்டர் பூசி, அது ஈரம் காய்வதற்குள் தையல் ஊசியால் கல் கல்லாகக் கீறினாள். அவளிடம் வேறு பெருமை எதுவும் கிடையாது. வேறு எதுவும் தேவைப்படவும் இல்லை.

"ஒரே மாதிரியா?" என்றாள். "நெவில், நீங்க அந்தப் பாலத்தை என்னைக்காவது பார்த்திருக்கீங்களா? இல்ல, உங்க ஸ்டேஷன் ஓட்டலுக்குப் பின்னால வரைஞ்ச படம்னு நினைச்சீங்களா?"

"கோபப்படாதீங்க. எல்லாரும் விட்டுக்கொடுத்துத்தானே செய்யறோம்."

"யாரு விட்டுக்கொடுத்தா? ஓட்டல் நாலு மாடி, ஒன்றரை அங்குலத் தடிப்பு. உள்ள படுக்கிறவன் செங்குத்தா நின்னுதான் தூங்கணும். ஆலையோரத்து ஆத்துத் தண்ணி எதிர்ப்பக்கமா ஓடுது, ஏன்னா சிரில் அங்க ஒரு போல்ட்டு போட்டார். தண்டவாளம் இருக்கவேண்டிய அகலத்தைவிட ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல குறைச்சல்."

மூவரும் தலை குனிந்தார்கள். தண்டவாளத்தின் அகலம் பற்றி யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. பழைய காலத்து மோட்டார் குட்டி பிரிட்டிஷ் எஞ்சினின் உடம்புக்குள் நுழையவில்லை என்று, தண்டவாளத்தை விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் பெரிதாக்கி, எப்போதோ எவரோ செய்துகொண்ட சமரசம் அது. ஆயிரக்கணக்கான வளர்ந்த ஆண்கள் அதைக் கண்டுகொள்ளாமல்தான் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

"அதையெல்லாம் பதினோரு வருஷமா நான் கேட்டேனா?" என்றாள் க்வெண்டா. "என் ஏழு அடியில மட்டும்தான் பொய் இல்ல. அதைத்தான் வெட்டணும்னு சொல்றீங்க."

ஓட்டெடுப்பு நடந்தது. நெவிலின் கை எழுந்தது. பெர்னார்டின் கை, காதைச் சொறிகிற மாதிரி, எழுந்தது. சிரில் அவளைப் பார்க்காமல் கையைத் தூக்கினார்.

"மூணுக்கு ஒண்ணு," என்று நெவில் குறிப்பேட்டில் எழுதினார்.

"எழுதிக்குங்க. அடுத்த சனிக்கிழமை வரைக்கும் எனக்கு நேரம் வேணும். அதுக்குள்ள பாலத்துல எவன் ரம்பம் வைக்கிறானோ அவன் கையை முப்பத்தேழாம் நம்பர் கதவுல வச்சு மூடுவேன்."

"மரம் கழகத்தோடது, க்வெண்டா."

"கல்லு என்னோடது."

ஆண்கள் மூவரும் கலைந்து போனார்கள். அவள் போகவில்லை. வலது சுவருக்குப் போய் விரல் முட்டியால் தட்டினாள். டொக் டொக்கென்று ஓசை வந்தது. கல் சுவரில்லை. பிற்காலத்தில் அடித்த பலகைத் தடுப்பு. காதை வைத்தாள். அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள், கண்ணாடிக் கோப்பை மேசையில் இடித்தது. உருட்டுப்பந்து மன்றத்தின் கூடம்.

தட்டை மட்டும் அந்தப் பக்கம் தள்ளிவிட்டால்? ரயில் போக ஒரு சாண் அகலத்துக்கு ஓட்டை போதும். பாலம் சுவரில் போய் முடியும். மேசை முழுக்க வலப்பக்கம் நகர, இடது கோடியில் ஐந்து அடி மிஞ்சும். பெர்னார்ட் கை நிறைய டீக் கோப்பைகளை ஏந்திக்கொண்டே நடந்து போகலாம்.

எட்னா கூடத்தில் உட்கார்ந்து இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சுவரில் வெற்றியாளர்களின் பெயர்ப்பலகை. 1971இலிருந்து வருடத்துக்கு ஒரு பெயர், பொன் எழுத்தில். ஒன்பது இடத்தில் எட்னாவின் பெயர். க்வெண்டா நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். எட்னா மென்று முடித்தாள்.

"என் சுவத்துல ஓட்டை போட்டு, என் கூடத்துல உன் மேசையைப் போட்டு, என் ஆளுங்க பீர் குடிக்கிற இடத்துல நீ ரயில் விடணும்."

"ஆமா."

"எனக்கென்ன கிடைக்கும்?"

"என்ன வேணும்?"

"போன வருஷம் உங்க ரயிலைப் பார்க்க வந்தேன்," என்றாள் எட்னா. "ஆலை இருக்கு, ஓட்டல் இருக்கு, சாராயக்கடை இருக்கு, கல்லறைகூட இருக்கு. எங்க புல்வெளி எங்கடி?"

"அது அறுபத்திரண்டு மிசஸ் லம். உங்க மன்றம் ஆரம்பிச்சதே எழுபத்தொண்ணுல. பலகையில நீங்களே எழுதி வச்சிருக்கீங்க."

"எனக்குப் படிக்கத் தெரியும். இருந்தாலும் வேணும்."

க்வெண்டா யோசித்தாள். ஓட்டலும் ஆலையும் நெருக்கியடித்து நின்றன. மொத்த ரயில்வேயிலும் வெறும் நிலம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பாலத்துக்கு முன்னால், அவளுடைய மேய்ச்சல் நிலம். சேறு, குளம்புத் தடங்கள், சாய்ந்த முள்கம்பி வேலி, மாட்டுக்குத் தண்ணீர் வைக்க யாரோ கொண்டுவந்து போட்ட பழைய குளியல் தொட்டி. தொட்டியில் பாசிகூட இருந்தது. ஒரு பழைய போட்டோவில் பார்த்து ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து செய்தது.

"சரி," என்றாள். "ஒரு ஓரத்துல சின்னதா செஞ்சு வைக்கிறேன்."

"சின்னதாவா?"

"உங்க புல்வெளி நாற்பது கஜம். எங்க அளவுக்குப் பத்தொன்பது அங்குலம் வரும். பாதியாக் குறைச்சு..."

எட்னா முள்கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாலு கண்ணை வெட்ட மாட்டேன்னு அங்க நீ கத்தினது இங்க பார் வரைக்கும் கேட்டுச்சு. எங்க புல்லை மட்டும் பாதியா வெட்டுவியா?"

க்வெண்டாவுக்கு முகம் சுட்டது. பதில் சொல்லியிருந்தால் அது நெவிலின் பதிலாகத்தான் இருந்திருக்கும்.

"நாற்பது கஜம்," என்றாள் எட்னா. "நாலு பக்கமும். நடுவுல மேடு. தெற்கு இங்கிலாந்துக்காரன் ஆடற மாதிரி தட்டையா இருந்துச்சுன்னா ஓட்டையைச் சிமென்ட் போட்டு மூடுவேன்."

அடுத்த நான்கு சாயங்காலமும் க்வெண்டா வேலை முடிந்து சீருடையோடு வந்தாள். சுரண்டியை வைத்துத் தன் நிலத்தைப் பேர்த்தாள். வேலி போனது, சேறு போனது, குளம்புத் தடங்கள் போயின. தொட்டியை எடுத்துப் பார்த்தாள். பிறகு மற்றதோடு குப்பைக்கூடையில் போட்டாள். அழவில்லை. திட்டினாள். எட்னாவை, நெவிலை, சுவரை, வரைபடத்துக்குச் சரி சொன்ன தன்னை. நடுமேடு மூன்று மில்லிமீட்டர் வந்தது. எட்னா ஒரு எஃகு அளவுகோலையும் கண்ணாடியையும் கொண்டுவந்து, குனிந்து, கோலுக்கு அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று நான்கு பக்கமும் பார்த்தாள்.

"வடகிழக்கு மூலை கொஞ்சம் தூக்கியிருக்கு," என்றாள்.

"நிஜத்துலயும் தூக்கித்தான் இருக்கு. போய் அளந்தேன்."

எட்னா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "அதனாலதான் நான் அந்த மூலையில ஆடறதில்ல," என்றாள். "ஓட்டையைப் போட்டுக்கோ."

சனிக்கிழமை வந்தது. நெவில் கதவைத் திறந்ததும் கண்ணில் பட்டது பச்சை.

"என்ன இது?"

"உருட்டுப்பந்துப் புல்வெளி."

"அறுபத்திரண்டுல..."

"இல்ல. தெரியும்."

"அப்ப பொய்யில்லாத ஏழு அடின்னு போன வாரம் நீங்க போட்ட கூச்சல்?"

"அது போன வாரம். இப்ப என் பலகையிலும் ஒரு பொய் இருக்கு. பதினாலு கண்ணு வேணும்னா அதுதான் விலைன்னாங்க. கொடுத்துட்டேன். இதோ ஓட்டை, இதோ அஞ்சு அடி வழி. ஓட்டு எடுங்க."

"எனக்கு நடந்து வெளிய போகணும்," என்றார் பெர்னார்ட். "அதுக்குத் தடையில்லைன்னா அவ அங்க கடலையே கொண்டாந்து வைக்கட்டும்." கையைத் தூக்கினார். சிரில் ஏற்கெனவே ஓட்டைக்குள் கையை விட்டு வயர் கோத்துக்கொண்டிருந்தார். கோக்காத கையைத் தூக்கினார்.

நெவில் குறிப்பேட்டில் தன் எதிர்ப்பைத் தனிப் பத்தியாக எழுதினார். எழுதி முடித்துப் பேனா மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்: "தட்டை யாரு பார்த்துக்குவா? அங்க நின்னா எதுவும் தெரியாதே."

அதுதான் விஷயம். தட்டில் நிற்கிறவருக்குச் சுவர்தான் தெரியும். பாலம் தெரியாது. கண்காட்சி நாளில் காலையிலிருந்து மாலைவரை வண்டிகளை ஓட்டைக்குள் அனுப்பிக்கொண்டும் வாங்கிக்கொண்டும் நிற்கவேண்டியதுதான். சிரிலுக்குக் காது கேட்காது, பெர்னார்டுக்கு நிற்க முடியாது, நெவில் ஸ்டேஷனை விட்டு நகரமாட்டார்.

"நான்தான்," என்றாள் க்வெண்டா. "வேற யாரு?"

ஒன்று மட்டும் யாரும் எதிர்பார்க்காதது. இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் பார்க்க முடியாததால் மணி தேவைப்பட்டது. நிஜ ரயில்வேயில் ஒரு சிக்னல் கேபின்காரன் அடுத்த கேபின்காரனுக்கு மணியடித்துத்தான் வண்டியை ஒப்படைப்பான். ஒரு தடவை அடித்தால் 'இருக்கியா'. மூன்றும் ஒன்றும் என்றால் சாதாரணப் பயணிகள் வண்டி. கழகத்திலும் இரண்டு மணிகள் பல வருடமாக இருந்தன. ஆனால் பக்கத்தில் நிற்கிறவனிடம் "அனுப்பவா?" என்று வாயால் கேட்டுவிட்டு, அழகுக்குத்தான் மணியடிப்பார்கள். இப்போது மணி இல்லாவிட்டால் வண்டி இல்லை. முதல் ஒத்திகையில் நெவில் ஒரு மணி நேரம் ஒரு வார்த்தையும் பேசாமல் அடித்தார், கேட்டார், அடித்தார். முகம் சிவந்திருந்தது. நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதற்குப் பதில், "உங்க மூணுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல இடைவெளி போதாது" என்று ஓட்டை வழியாகச் சொன்னார்.

"குனிஞ்சு பேசாதீங்க நெவில், இடுப்பு புடிச்சுக்கும்," என்றாள் அவள். "மணியில சொல்லுங்க."

சுவருக்கு அப்பாலிருந்து ஒன்பது மணியோசை வந்தது. கடைசிப் பெட்டியில் சிவப்பு விளக்கு வைக்க மறந்திருந்தாள்.

கண்காட்சி நாளில் மழை. மழை என்றால் உருட்டுப்பந்து கிடையாது, கூடம் நிறைந்துவிட்டது. க்வெண்டா தட்டுக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஈரக் கோட்டுகள், பீர் வாசம், வினிகர் வாசம்.

"ஏம்மா, அந்த ஓட்டை வழியா ரெண்டு கிளாஸ் அனுப்ப முடியுமா?"

"முடியும். ரயில் பெட்டிக்குள்ள நுழையற ரெண்டு மில்லிமீட்டர் கிளாஸ் வாங்கிட்டு வா."

"மணி அடிச்சா காபி வருமா?"

"அடி விழும்."

காலையிலிருந்து முப்பத்தோரு வண்டி. சுவருக்கு அந்தப் பக்கம் கூட்டம் பேசுவது கேட்டது. ஒரு குழந்தை, "அம்மா, பாலம்!" என்றது. க்வெண்டா தட்டை ஒரு தடம் இழுத்து, கூட்ஸ் வண்டியின் விளக்கைச் சரிபார்த்தாள்.

இரண்டு மணி தாண்டியதும் ஒருவர் கூடத்துக்குள் வந்தார். பக்கத்து ஊர்க் கழகத்துக்காரர். மழைக்கோட்டு, கழுத்தில் பூதக்கண்ணாடி, கையில் சின்னக் குறிப்பேடு. கண்காட்சி கண்காட்சியாகப் போய்த் தப்பு எழுதிக்கொண்டு வருகிற ரகம். நெவிலுக்கும் அவருக்கும் ஒரு தண்ணிக் குழாயின் நிறம் பற்றி ஆறு வருடத் தகராறு.

"பாலத்துப் பலகை உங்களோடதுன்னு கிராப்ட்ரீ சொன்னார்," என்றார். "புல்வெளியைப் பத்திக் கேட்டேன். 'நான் கட்டினதில்ல, பக்கத்து அறையில கேளுங்க'ன்னு கையைக் காட்டிட்டார்."

"அவர் அப்படித்தான். கேளுங்க."

"அறுபத்திரண்டுல அங்க புல்வெளி கிடையாது."

"கிடையாது."

அவர் வாதத்துக்குத் தயாராக வந்தவர். குறிப்பேட்டைத் திறந்து, எதை எழுதுவது என்று தெரியாமல் நின்றார்.

"தெரிஞ்சேவா வச்சீங்க?"

"தெரிஞ்சேதான். அங்க இருந்தது வெறும் சேறு. அதைச் சரியாத்தான் செஞ்சிருந்தேன். அப்புறம் நானே பேர்த்தேன்."

"ஏன்?"

பின்னால் கூட்டத்திலிருந்து எட்னாவின் குரல் வந்தது. "நான் கேட்டேன். உனக்கென்னடா?"

அவர் எட்னாவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், சுவருக்குள் போகும் தண்டவாளத்தைப் பார்த்தார். அளந்து பழகிய தலை. கணக்குப் போட்டு முடிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"இடம் பத்தலையா?"

"பத்தலை."

"நாலு கண்ணை எடுத்திருக்கலாமே. எல்லாரும் அதைத்தான் செய்வாங்க. நான்கூட எங்க பாலத்துல..." நிறுத்திக்கொண்டார்.

"எத்தனை எடுத்தீங்க?"

"அஞ்சு," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

"இங்க எத்தனை இருந்துச்சு? எண்ணினீங்களா?"

"எண்ணினேன். பதினாலு."

"அதை எழுதிக்கிட்டீங்களா?"

"நான் தப்பு மட்டும்தான் எழுதறது."

"அப்ப புல்வெளியை எழுதுங்க. தேதி போட்டு எழுதுங்க. டாட்டர்சால், இரட்டை 'ட்'."

எழுதினார். உண்மையிலேயே எழுதினார். பென்சிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இன்னும் போகாமல் அவள் முக்காலியையும் எதிரேயிருந்த வெறும் சுவரையும் பார்த்தார்.

"ஆனா இங்க உக்காந்தா உங்களுக்குப் பாலமே தெரியலையே."

"தெரியல."

"நாள் முழுக்கவா?"

"நாள் முழுக்க. அடுத்த வருஷமும்."

மணி ஒரு தடவை அடித்தது. நெவில். அவள் ஒரு தடவை திருப்பி அடித்தாள். சுவருக்கு அப்பாலிருந்து, மூன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில் இடைவெளி எப்படி விடவேண்டும் என்று பாடம் எடுக்கிற மாதிரி, மிக நிதானமாக மூன்றும் ஒன்றும் வந்தது. வண்டி ஒன்று இந்தப் பக்கம் வருகிறது. அதை வாங்கிக்கொண்டு இரண்டு பதினேழு மணி வண்டியை அனுப்பவேண்டும். அந்த மனிதர் சரியாக ஓட்டைக்கு நேரே நின்று, குனிந்து, அதன் வழியாகப் பாலத்தின் கடைசிக் கண்ணாவது தெரிகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

க்வெண்டா அவருடைய மழைக்கோட்டைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"தலையை எடுங்க," என்றாள். "வண்டி வருது."